மனித உரிமைச் சட்டத்தில் மேற்படிப்பு: எசெக்ஸா, ஜெனிவாவா, லுண்டா, வேலையை விடாமலா?

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆறு வருடமாக ஆஜராகிக்கொண்டிருக்கும் ஒரு வக்கீல். மட்டக்களப்பில் காணாமல் ஆக்கப்பட்டோர் குடும்பங்களோடு வேலை செய்யும், சட்டம் படித்த ஒரு தங்கை. சட்டப் படிப்பின் வாசலையே மிதிக்காத ஒரு வரலாற்று எம்.ஏ. சில வார இடைவெளியில் மூவரும் கேட்டது ஒரே கேள்விதான்: "சர்வதேச மனித உரிமைச் சட்டத்துல மாஸ்டர்ஸ் பண்ணலாம்னு இருக்கேன். எங்க போகலாம்?"

மூவருக்கும் மூன்று பதில் சொன்னேன். தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். நான் இங்கிலாந்தில் ஓராண்டு படித்துவிட்டுத் திரும்பி வந்து வழக்கு நடத்துகிற ஆள். என் சாய்வு ஆங்காங்கே தெரியும், கழித்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து அளப்பது

பெரும்பாலானோர் தரவரிசையில் தொடங்குகிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதல் கேள்வி, படிப்பு முடிந்த மறுநாள் நீங்கள் எந்த மேசையில் உட்காரப் போகிறீர்கள் என்பது. எல்.எல்.எம். என்ற சட்ட முதுநிலைப் பட்டம் நம் ஊரில் யாருக்கும் நீதிமன்றத்தில் நிற்கும் உரிமையைத் தருவதில்லை. அது எல்.எல்.பி.யோடும் பார் கவுன்சில் பதிவோடும் முடிந்துபோன விஷயம். ஐ.நா. வேலைகளுக்கு முதுநிலைப் பட்டம் கேட்பார்கள். ஆனால் அது வரிசையில் நிற்க அனுமதிச் சீட்டு மட்டுமே. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்திய பிறகு உலகம் முழுக்க மனித உரிமை அமைப்புகள் ஆட்குறைப்பில் இறங்கின. ஐ.நா.விலும் கையில் காசில்லை. 'படித்துவிட்டு அங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்ல இது நல்ல நேரம் இல்லை.

இரண்டாவது, பாடம் எந்தப் பக்கம் சாய்கிறது. இதை யாரும் கேட்பதே இல்லை. ஐரோப்பாவுக்கு ஸ்ட்ராஸ்பர்க்கில் மனித உரிமை நீதிமன்றம் இருக்கிறது. அமெரிக்கக் கண்டங்களுக்கு சான் ஹோசேயில், ஆப்பிரிக்காவுக்கு அருஷாவில். ஆசியாவுக்கு எங்கும் இல்லை. ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் படித்தால் வாசிக்கும் தீர்ப்புகளில் பெரும்பங்கு ஸ்ட்ராஸ்பர்க்கினுடையதாக இருக்கும். வாதம் கட்டக் கற்றுக்கொள்ள அவை அருமையானவை. ஆனால் திருநெல்வேலியிலோ திருகோணமலையிலோ ஒருவர் அந்தக் கதவைத் தட்ட முடியாது.

நமக்கு எது தேவை என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன்: சிங்கராசா எதிர் இலங்கை. தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு இளைஞரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடித்து வைத்தார்கள். வாக்குமூலம் சிங்களத்தில் தட்டச்சானது. கீழே அவருடைய கட்டைவிரல் ரேகை. அந்தத் தாளை வைத்து 1995-இல் 50 ஆண்டுச் சிறை; மேல்முறையீட்டில் 35 ஆனது. வழக்கு ஜெனிவாவில் உள்ள ஐ.நா. மனித உரிமைகள் குழுவுக்குப் போனது. நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது என்று 2004-இல் குழு சொன்னது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இலங்கை உச்ச நீதிமன்றத்துக்குத் திரும்பினார்கள். 2006-இல் நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? தனிநபர் முறையீட்டை அனுமதிக்கும் விருப்ப நெறிமுறையில் அரசு 1997-இல் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்றது. இந்தியா அந்த நெறிமுறையில் சேரவே இல்லை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையிலும் 1997-இல் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. ஆக, நமக்கு மிஞ்சும் கருவிகள் நிழல் அறிக்கை (அரசின் அறிக்கைக்குப் பதிலாகத் தொண்டு அமைப்புகள் ஐ.நா.வுக்குக் கொடுப்பது), உலகளாவிய காலமுறை மீளாய்வு (ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் ஐ.நா.வில் முறைவைத்துப் பரிசீலிப்பது), சிறப்பு அறிக்கையாளருக்கு (ஐ.நா. நியமிக்கும் தனி நிபுணருக்கு) கடிதம், பிறகு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய விசாகா வழக்கில் 1997-இல் நடந்ததுபோல உள்ளூர் நீதிமன்றத்தில் சர்வதேச உடன்படிக்கையை இழுத்துக்கொண்டு வருவது. ஒரு படிப்பு இதையெல்லாம் கையில் செய்ய வைக்கிறதா என்று பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக: கட்டணம் அல்ல, மொத்தச் செலவு, பட்டம் ஊரில் செல்லுபடியாகுமா, குடும்பத்தை என்ன செய்வது.

## எசெக்ஸ்: ஒரே ஆண்டு, மூச்சு முட்ட

எசெக்ஸ் பல்கலைக்கழகம் லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில், கோல்செஸ்டரில் இருக்கிறது. பார்க்க அழகான இடம் இல்லை, அறுபதுகளின் கான்கிரீட். ஆனால் மனித உரிமைச் சட்டம் என்றால் பலரும் முதலில் சொல்லும் பெயர் இதுதான். சித்திரவதை பற்றிய ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக 1993 முதல் 2001 வரை இருந்த நைஜல் ராட்லி இங்கே பேராசிரியராக இருந்தவர். சுகாதார உரிமைக்கான முதல் சிறப்பு அறிக்கையாளர் பால் ஹண்ட்டும் இங்கேதான் பாடம் நடத்தினார். பாடம் நடத்துகிறவர்கள் அறிக்கை எழுதுகிறவர்களாகவும் இருப்பது ஒரு மரபாகவே வந்துவிட்டது. மனித உரிமைக் கிளினிக் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மாணவர்கள் குழுவாக வெளி அமைப்பு ஒன்றுக்காக உண்மையான ஆய்வு செய்து கொடுக்க வேண்டும். சேர்ந்தால் அதை விடாதீர்கள்.

பிரிட்டன் முழுமைக்கும் பொருந்தும் மறைசெலவுகளைச் சொல்லிவிடுகிறேன். விசாக் கட்டணம் போக மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டுப் படிப்புக்கு விசா சுமார் 16 மாதம் என்பதால் ஒன்றரை ஆண்டுக்குக் கட்ட வேண்டும், அதாவது 1,164 பவுண்டு. நம் பணத்தில் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டும், போகும் முன்பே. இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் சொந்தப் பணம் அனுப்பினால் வங்கி வரி பிடிக்கும். கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்பப் பெறலாம்தான், ஆனால் அதுவரை கைக்காசு முடங்கும்.

அப்புறம் அந்த 28 நாள். வாழ்க்கைச் செலவுக்கான தொகை வங்கியில் 28 நாள் குறையாமல் இருந்ததாகக் காட்ட வேண்டும். என் அப்பா இரண்டு பேரிடம் கைமாற்று வாங்கிச் சரியாக அந்தத் தொகையைப் போட்டு வைத்தார். ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 26-ஆம் நாள் வங்கி ஏ.டி.எம். அட்டைக்கான ஆண்டுக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டது. சில நூறு ரூபாய். மீண்டும் ஒன்றாம் நாளிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. கைமாற்றுக்கு இன்னொரு மாத வட்டி. ஆகவே கொஞ்சம் கூடுதலாகவே போட்டு வையுங்கள்.

இன்னொன்று பணத்தைவிடப் பெரியது. 2024 ஜனவரி முதல் அங்கே பாடவழி முதுநிலை மாணவர்கள் கணவர், மனைவி, பிள்ளைகளைச் சார்ந்தோர் விசாவில் அழைத்துப் போக முடியாது. படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவும், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது.

யாருக்கு நல்லது? பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை கிடைப்பவருக்கு. அது ஓராண்டுப் படிப்புக்கான பணம், முழுச் செலவையும் ஏற்கும். 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள். முடித்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ஊருக்குத் திரும்பப் போகிறவருக்கு அது நிபந்தனையே இல்லை. தமிழ்நாட்டின் ஆதி திராவிட, பழங்குடி மாணவர்கள் அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டு உயர்கல்வித் திட்டத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும். முழுக்கக் கடன் வாங்கிப் போவதை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. மனித உரிமை வேலையில் வரும் சம்பளத்தில் பவுண்டுக் கடனை அடைப்பது என்பது, வேறு வழியில்லாமல் கம்பெனி வழக்குகளுக்குப் போவதில் முடியும். என்னோடு படித்த சிலர் அப்படித்தான் போனார்கள்.

## ஜெனிவா: பேரவைக்குப் பக்கத்து வீடு

ஜெனிவா அகாடமியை ஜெனிவா பல்கலைக்கழகச் சட்டத் துறையும் அங்குள்ள பட்டமேற்படிப்பு நிறுவனமும் சேர்ந்து 2007-இல் தொடங்கின. இடம் ஏரிக்கரையில் வில்லா மொய்னியே. செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான குஸ்தாவ் மொய்னியேயின் வீடு. ஓராண்டு எல்.எல்.எம்., பாதி மனித உரிமை, பாதி போர்ச் சட்டம். ஆயுத மோதல் நடந்த இடத்திலிருந்து வருகிறவர்களுக்கு அந்த இரண்டாவது பாதி முக்கியம். வேறெங்கும் இவ்வளவு ஆழமாகக் கிடைப்பது கடினம்.

ஐ.நா. மாளிகைக்கு நடந்தே போய்விடலாம். அங்கே கூடும் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை (நாடுகளின் பிரதிநிதிகள் உட்காரும் அவை) ஆண்டுக்கு மூன்று முறை, மொத்தம் பத்து வாரத்துக்குக் குறையாமல் கூடுகிறது. 20-ஆம் எண் அரங்கின் கூரையிலிருந்து வண்ணப் பூச்சாலான செயற்கைக் கூம்புகள் விழுதுபோலத் தொங்கும். மிகேல் பார்சலோ என்ற ஸ்பானிய ஓவியரின் வேலை. அதன் கீழே, ஆறு மாதம் பாடுபட்டு ஆதாரம் திரட்டிய தொண்டு நிறுவனக்காரருக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். அதைத் தாண்டினால் மைக் அணைந்துவிடும். உண்மையான வேலை வெளியே, காப்பிக் கோப்பையோடு தூதர்களை மடக்குவதில் நடக்கிறது. இதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. இலங்கை தொடர்பான தீர்மானங்கள் 2012-லிருந்து திரும்பத் திரும்ப வந்த இடமும் இதுதான்.

சரி, செலவு? வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், வீட்டு ஒப்பந்தம் பிரெஞ்சில் வரும். வாடகை அறை கிடைப்பதே ஒரு தனிப் படிப்பு. நம்மைப் போன்ற ஐரோப்பியர் அல்லாத மாணவர்கள் முதல் ஆறு மாதம் பகுதிநேர வேலை பார்க்க முடியாது. அதன் பிறகு பாடக் காலத்தில் வாரம் 15 மணி நேரம். ஐ.நா. செயலகம் இன்டர்ன்களுக்குச் சம்பளம் தருவதில்லை. 2015-இல் நியூசிலாந்து இளைஞர் ஒருவர் வாடகை கட்ட முடியாமல் கூடாரம் அடித்துத் தங்கி ஐ.நா.வில் இன்டர்ன்ஷிப் செய்தது உலகச் செய்தியானது. பட்டத்துக்குப் பிறகு ஆறு மாதம் சம்பளமில்லாமல் ஜெனிவாவில் இருக்கும் பலம் இருந்தால்தான் 'பேரவைக்குப் பக்கத்து வீடு' என்பதற்குப் பொருள் உண்டு. அந்தப் பலம் இல்லையென்றால் நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது காட்சியை மட்டுமே. ஏற்கெனவே ஓர் அமைப்பின் சார்பில் ஜெனிவாவுக்கு வந்து போகிறவர்களுக்கு, அல்லது சுவிஸில் சித்தி, மாமா வீடு இருக்கிற ஈழத் தமிழர்களுக்கு, கணக்கே வேறு.

## லுண்ட்: நிதானமாக இரண்டு ஆண்டு

தெற்கு ஸ்வீடனின் பழைய பல்கலைக்கழக ஊர். சட்டத் துறையும் 1984-இல் தொடங்கிய ராவுல் வாலன்பெர்க் நிறுவனமும் பக்கத்துணை. இரண்டாவது ஆண்டின் கடைசிப் பருவம் முழுக்க ஆய்வேட்டுக்கு. ஓராண்டுப் படிப்பில் ஆய்வேடு என்பது கோடை விடுமுறையில் வியர்த்து விறுவிறுத்து எழுதுவது. இங்கே உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கிறது. முனைவர் பட்டத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமான தயாரிப்பு குறைவு.

மறைசெலவு என்ன? அந்த இரண்டாவது ஆண்டேதான். வருமானமில்லாத இன்னொரு ஆண்டு. 2011 முதல் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு அங்கே இலவசக் கல்வி இல்லை. 'ஸ்வீடனில் ஃப்ரீ' என்று இன்றும் சொல்லும் மாமாக்களை நம்பாதீர்கள்.

## வேலையை விடாமல்: ஆக்ஸ்ஃபர்டும் லண்டனும்

இந்த வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆக்ஸ்ஃபர்டில் சர்வதேச மனித உரிமைச் சட்டத்துக்கென்று பகுதிநேர முதுநிலைப் படிப்பு ஒன்று இருக்கிறது. 22 மாதம். இரண்டு கோடைகளில் மட்டும் அங்கே போய்த் தங்க வேண்டும். மற்ற நாளெல்லாம் ஊரிலிருந்தே இணைய வழியில். சேர்கிறவர்களில் பலர் ஏற்கெனவே இந்தத் துறையில் இருக்கும் வக்கீல்கள், அமைப்பாளர்கள். காலையில் ஜாமீன் மனு, இரவில் அகதிச் சட்டம் என்று ஓடும். படித்ததை மறுநாளே மனுவில் போட்டுப் பார்க்கலாம் என்பது வேறு எந்த வழியிலும் கிடைக்காத வசதி.

லண்டன் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை எல்.எல்.எம். இன்னும் நெகிழ்வானது. மனித உரிமைச் சட்டத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். 5 பாடக்கூறு முடித்தால் சான்றிதழ், 10 முடித்தால் டிப்ளமா, 16 முடித்தால் எல்.எல்.எம். பணம் இருக்கும்போது கட்டி, இல்லாதபோது நிறுத்தி மெதுவாக முடிக்கலாம். உச்ச வரம்பு ஐந்து ஆண்டு.

இதன் மறைசெலவு ரூபாயில் வராது. இரவு பதினொரு மணிக்குப் படிக்க உட்கார உடம்பும் வீடும் ஒத்துழைக்க வேண்டும். சீனியரிடம் கோடையில் சில வாரம் விடுப்புக் கேட்க வேண்டும். தனியாகப் படிக்கிறவர்களில் பாதியில் விடுகிறவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஐந்து வருடத் தொழில் கையில் இருக்கிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். தொழிலை ஓராண்டு விட்டுப் போனால் கட்சிக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

## சாலாயா: பாங்காக்குக்குப் பக்கத்தில்

தாய்லாந்தின் மகிடோல் பல்கலைக்கழகம் நடத்தும் ஆசிய-பசிபிக் மனித உரிமை, ஜனநாயக முதுநிலை. ஓராண்டு: முதல் பருவம் சாலாயாவில், இரண்டாவது இப்பகுதியின் கூட்டாளிப் பல்கலைக்கழகம் ஒன்றில். சட்டப் பட்டம் இல்லாதவர்களும் சேரலாம். வெனிஸில் தொடங்கிய உலகளாவிய மனித உரிமைக் கல்வி வலையமைப்பின் ஆசியக் கிளை இது. கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் உண்டு. வகுப்பில் பக்கத்து நாற்காலியில் பிலிப்பைன்ஸ்காரர், நேபாளி, மியான்மர்காரர். பிரச்சினைகளை விளக்க மூச்சைச் செலவழிக்க வேண்டாம், அவர்கள் ஊரிலும் அதேதான். வாழ்க்கைச் செலவு சென்னைக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

குறை: இது எல்.எல்.எம். அல்ல. சட்டக் கல்லூரியில் பாடம் நடத்த உதவாது. தீர்ப்பு ஆய்வும் ஐரோப்பிய எல்.எல்.எம். அளவுக்கு ஆழம் போகாது.

## ஊரிலேயே

சட்டக் கல்லூரி ஆசிரியராகப் போகிறவர் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் மனித உரிமைகள் பிரிவில் இரண்டாண்டு எல்.எல்.எம். உண்டு. வெளிநாட்டு ஓராண்டு எல்.எல்.எம்.-ஐ இந்திய எல்.எல்.எம்.-க்குச் சமமாக ஏற்க மாட்டோம் என்று பார் கவுன்சில் 2020 விதிகளில் எழுதிவைத்தது. அதை எதிர்த்து வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கிய பட்டத்தோடு உதவிப் பேராசிரியர் நேர்காணலில் இந்த விவாதத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியின் ஓராண்டுத் தொலைநிலை டிப்ளமா, எந்தப் பட்டதாரியும் எடுக்கக்கூடியது. இந்தத் துறை ஒத்துவருமா என்று கால் நனைத்துப் பார்க்க நல்ல இடம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மனித உரிமைகள் கற்கை நிலையமும் 1991 முதல் இயங்குகிறது.

## ஒரே பார்வையில்

| வழி | காலம் | சட்டப் பட்டம் | கண்ணில் படாத செலவு | பொருந்துகிறவர் |
|---|---|---|---|---|
| எசெக்ஸ் | 1 ஆண்டு | பெரும்பாலும் தேவை | மருத்துவக் கட்டணம், குடும்பப் பிரிவு | உதவித்தொகை பெற்றவர் |
| ஜெனிவா | 1 ஆண்டு | தேவை | சம்பளமில்லா இன்டர்ன்ஷிப், வாடகை | அமைப்பு அல்லது உறவினர் ஆதரவு உள்ளவர் |
| லுண்ட் | 2 ஆண்டு | தேவை | இரண்டாம் ஆண்டின் வருமான இழப்பு | ஆய்வுக்குப் போகிறவர் |
| ஆக்ஸ்ஃபர்ட், லண்டன் | ஆக்ஸ்ஃபர்ட் 22 மாதம், லண்டன் 5 ஆண்டு வரை | பொதுவாகத் தேவை | தூக்கம், விடுப்பு | தொழிலில் இருப்பவர் |
| சாலாயா | 1 ஆண்டு | தேவையில்லை | எல்.எல்.எம். இல்லை | களப்பணியாளர் |
| ஊரில் | 1 முதல் 2 ஆண்டு | படிப்பைப் பொறுத்து | வெளித்தொடர்பு குறைவு | ஆசிரியராகப் போகிறவர் |

## மூவருக்கும் சொன்னது

மதுரை வக்கீலுக்கு ஆக்ஸ்ஃபர்ட் பகுதிநேரம், இல்லையென்றால் லண்டன். "பேரு இல்லாத காலேஜ்ல எல்.எல்.எம். வாங்கிட்டா?" என்று கேட்டார். ஆக்ஸ்ஃபர்டைப் பேர் இல்லாதது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தொலைநிலை என்றாலே நமக்கு ஒரு இளக்காரம். பட்டத்தின் பேரைவிடக் கையில் இருக்கும் தொழில்தான் முக்கியம் என்று சொல்ல அவருக்கு நவி பிள்ளையை நினைவூட்டினேன். டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஆணையர். ஹார்வர்டில் அவர் எல்.எல்.எம். முடித்தது 1982-இல். அதற்கு முன் 1967-லிருந்து நிறவெறி ஆட்சியின் நீதிமன்றங்களில் சொந்த அலுவலகம் வைத்து வாதாடிக்கொண்டிருந்தார்.

வரலாற்று எம்.ஏ.வுக்கு முதலில் பெங்களூரு டிப்ளமா. அது பிடித்தால் சாலாயா.

மட்டக்களப்புத் தங்கைக்குச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவருக்கு மனம் ஜெனிவாவில். போர்ச் சட்டம் தேவை, அங்கே பேசப்படுவது அவருடைய ஊர். செவனிங்குக்கும் ஜெனிவாவுக்கும் ஒரே ஆண்டில் போடுங்கள், பணம் எது தருகிறதோ அங்கே போங்கள், இரண்டும் தராவிட்டால் கடன் வாங்காமல் அடுத்த ஆண்டு மறுபடி போடுங்கள் என்றேன். செவனிங் ஆகஸ்டில் திறந்து அக்டோபர் தொடக்கத்தில் மூடிவிடும். அவர் இப்போது கட்டுரைகளை எழுதிக்கொண்டிருக்கிறார். நேற்று அனுப்பிய வரைவில் முதல் பத்தி முழுக்கத் தன் கனவைப் பற்றி இருந்தது. அதை வெட்டிவிட்டு, அலுவலகத்துக்கு வாராவாரம் வரும் ஓர் அம்மா கொண்டுவரும் பழைய போலீஸ் ரசீதிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.